தண்ணீர் வேலிக்கு வெளியே இருந்துதான் வருகிறது

நம் கூட்டங்களில் பேச்செல்லாம் வேலிக்கு உள்ளேதான். ஜீவாமிர்தம் எத்தனை நாளில் தயாராகும், மீன் அமிலம் எவ்வளவு கலக்கணும், பூங்காரா, கருப்புக்கவுனியா? எல்லாம் வேண்டியதுதான். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருது என்று கேட்டால், பாதிப்பேர் போர்வெல்லைத்தான் காட்டுவோம்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு, பாம்பாறு எல்லாமே மழை பெய்தால் ஓடுகிறவை. ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் ஒரு பகுதிக்குக் கல்லணைக் கால்வாய் உண்டு. மற்றவர்களுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், குளங்கள்தான் கதி. மேட்டுச் செம்மண்ணில் விழும் மழை வரத்துவாரி வழியாகக் கண்மாய்க்கு வரும். நிறைந்தால் கலிங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்கு. கடைசியில்தான் ஆற்றுக்கு.

அந்த மேடு இன்று என்ன ஆச்சு? பல இடங்களில் தைலமரக் காடு. மழைநீரை மரத்துக்கே பிடித்து வைக்கச் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டால், கீழே உள்ள கண்மாய்க்கு என்ன வரும்? மிச்ச வாரியில் சீமைக்கருவேல். அதையும் தாண்டி வரும் கொஞ்சத் தண்ணீரில் மேல்வயல் யூரியாவும் களைக்கொல்லியும் கரைந்து வருது.

இதில் நானும் பங்காளி. வங்கியில் இருந்தபோது போர்வெல் கடன் மனுக்களில் ஆழம், மோட்டார் குதிரைத்திறன், நிலத்தின் மதிப்பு எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணி வருதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

கண்மாய் நிறையாவிட்டால் மேல்நீர் ஊறாது. ஆழம் போகப் போகப் பல இடங்களில் உப்பு கூடும்; கடலோரத்தில் கடல்நீரே உள்ளே வரும். ஒரு கணக்குப் போடுவோம். தண்ணீரின் மின்கடத்துதிறன் (இ.சி.) 3 இருந்தால், லிட்டருக்குச் சுமார் 2 கிராம் உப்பு. ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் பாய்ச்சினால் 2 லட்சம் லிட்டர். அதாவது ஒரே பாய்ச்சலில் 400 கிலோ உப்பை நாமே வயலில் கொட்டுகிறோம். இதைக் கழுவ நல்ல மழை வேணும். பஞ்சகவ்யம் கழுவாது.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் நம்ம குன்னத்தூரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் வரப்போவது வெள்ளக் காலத்து உபரி நீர். அது வந்து நிற்கவும் கண்மாய் வேணுமே!

ஆகவே மூன்று வேலை சொல்கிறேன். ஒன்று, உங்கள் கிணற்று நீரைக் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பரிசோதித்து எழுதி வையுங்கள். இரண்டு, ஆடிக்குள் நாலு பேராகச் சேர்ந்து, கண்மாயிலிருந்து வரத்துவாரியை மேடு வரை நடந்து பாருங்கள். அடைப்பு எங்கே, ஆக்கிரமிப்பு எங்கே என்று சர்வே எண்ணோடு குறியுங்கள். மூன்று, அந்தத் தாளை ஆகஸ்ட் 15 கிராமசபையில் வைத்துத் தீர்மானம் கேளுங்கள்.

மேல்வயல்காரர் ரசாயனம் போடுகிறார் என்று ஒதுங்கி நிற்பதில் பயனில்லை. நடக்கும்போது அவரையும் கூப்பிடுங்கள். அவருக்கும் அதே கண்மாய்தான்.