மாட்டு ஏப்பத்துக்கு மரத்தழை மருந்தாகுமா? மீத்தேன் கணக்கு சொல்வது என்ன?

'மாடு ஏப்பம் விட்டா பூமி சூடாகுமா?' என்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் 20 ஆண்டு கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட மீத்தேன் சுமார் 80 மடங்கு அதிக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19 கோடிக்கு மேல், எருமைகள் சுமார் 11 கோடி. அதனால்தான் சவுண்டல் (சூபாபுல்), கிளைரிசிடியா போன்ற மரங்களின் தழை மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியிருக்கிறது.

மீத்தேன் எங்கிருந்து வருது?

பலரும் நினைப்பதுபோல பின்பக்கத்திலிருந்து அல்ல. பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியேதான் வருகிறது. மாட்டின் பெருவயிற்றில் நுண்ணுயிரிகள் தீவனத்தை நொதிக்க வைக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகும். ஆர்க்கியா எனும் இன்னொரு வகை நுண்ணுயிரிகள் அதை மீத்தேனாக மாற்றும். வைக்கோல் மாதிரி நார் மிகுந்த தீவனத்தில் இது கூடும். தீவனத்தின் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படியே வீணாகிறது. அதாவது, நஷ்டம் மாடு வளர்ப்பவருக்கும்தான்.

தழை என்ன செய்யும்?

இலைகளில் உள்ள டானின் எனும் துவர்ப்புப் பொருள் ஆர்க்கியாக்களின் வேலையை மட்டுப்படுத்தும். கூடவே தழையில் புரதமும் அதிகம். பால் கூடினால், ஒரு லிட்டருக்கான மீத்தேன் தானாகக் குறையும். பெங்களூருவில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியக்கவியல் நிறுவனம், டானின் மிகுந்த தாவரங்களிலிருந்து 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியுள்ளது. இது மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் வரை குறைக்கும் என்கிறது அந்நிறுவனம்.

அப்போ இஷ்டத்துக்குக் கொடுக்கலாமா?

கூடாது. டானின் அளவு மீறினால் மாடு தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், செரிமானமும் பாதிக்கும். சவுண்டலில் உள்ள மைமோசின் முடி உதிர்வையும் தைராய்டு கோளாறையும் உண்டாக்கலாம். ஆஸ்திரேலியாவில் இந்தச் சிக்கல் வந்தபோது, ஹவாய் ஆடுகளின் வயிற்றிலிருந்த பாக்டீரியாவை மாடுகளுக்குக் கொடுத்துச் சமாளித்தார்கள். சவுண்டல் கட்டுப்பாடின்றிப் பரவும் மரமும்கூட. விதை விழுவதற்கு முன் கவாத்து செய்யாவிட்டால் பக்கத்து நிலத்துக்கும் போய்விடும்.

உண்மையான தடை எது?

கூலிதான். ரெண்டு, மூணு மாடு வைத்திருப்பவர் தினமும் தழை வெட்ட ஆளும் நேரமும் வேண்டும். பால் சொசைட்டியில் விலை தீர்மானிக்கப்படுவது கொழுப்பையும் இதர சத்தையும் வைத்து. மீத்தேன் குறைந்ததற்கு ஒரு பைசா கூட கிடைக்காது. 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைக்கும் உலக நாடுகளின் 2021 உறுதிமொழியிலும் இந்தியா சேரவில்லை.

எனவே 'பருவநிலையைக் காப்போம்' என்ற பேச்சு மட்டும் தொழுவம் வரை போய்ச் சேராது. புல் காய்ந்துபோகும் கோடையில் வரப்போரம் பச்சையாக நிற்கும் மரம் தீவனச் செலவைக் குறைக்கிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அதற்கு 'ஆமாம்' என்று பதில் கிடைத்தால், மீத்தேன் குறைவது கூடுதல் லாபம்.