பஸ்களை எண்ணிய நிருபர்



மகபூப்நகரிலிருந்து பம்பாய்க்கு வாரத்துக்கு எத்தனை பஸ் போகிறது என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் யாராவது உண்டா? 2003ஆம் ஆண்டில் ஒரு நிருபர் எண்ணினார். பத்து வருஷத்துக்கு முன்பு வாரத்துக்கு ஒரே ஒரு பஸ் ஓடிய தடத்தில், அந்த வருஷம் முப்பதுக்கும் மேல் ஓடிக்கொண்டிருந்தன. உல்லாசப் பயணத்துக்கா? இல்லை. வானம் பொய்த்து, கடன் கழுத்தை நெரிக்க, மண் வெட்டவும் கல் சுமக்கவும் பாலமூர் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். அதே நாட்களில் இங்கே ஐதராபாத்தில் ஹைடெக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடத்தைப் படம் பிடித்துப் போட்டு, ஆந்திரம் பறக்கிறது என்று ஏடுகள் எழுதிக்கொண்டிருந்தன. பறந்தது யார், பஸ் ஏறியது யார் என்று அந்த ஒரு கணக்கே சொல்லிவிட்டது.

அந்த நிருபர் பி. சாய்நாத். 1957இல் சென்னையில் பிறந்தவர். லயோலா கல்லூரி, பிறகு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், பிறகு யு.என்.ஐ. செய்தி நிறுவனம், பம்பாய் ‘பிளிட்ஸ்’ வார ஏடு. அதில் துணை ஆசிரியர் நாற்காலி வரை போனவர். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஓய்வு பெற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1993இல் அதை விட்டு எழுந்தார். ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ தந்த ஒரு நல்கையை வைத்துக்கொண்டு, நாட்டின் மிக ஏழை மாவட்டங்களுக்குப் புறப்பட்டார். இதிலெல்லாம் நம் வாசகர்களுக்கு அக்கறை இல்லையென்றால் என்ன செய்வது என்று ஏட்டின் ஆசிரியர் கேட்டாராம். வாசகர்களைக் கடைசியாக எப்போது சந்தித்துவிட்டு இப்படிச் சொல்கிறீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டாராம்.

போனார் என்றால் எப்படிப் போனார்? அறுவடை முடிந்து விருந்து நடக்கும் மாதத்தில் அல்ல. வயலில் வேலையே இல்லாத கோடையில் போனார். வேலை இல்லாத இருநூறு நாளை ஏழை எப்படித் தள்ளுகிறான் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாகவே நடந்திருக்கிறார். ஒரிசாவின் கலகண்டி, பீகாரில் இருந்த பலாமு, நம் தமிழ்நாட்டில் இராமநாதபுரம், புதுக்கோட்டை. இராமநாதபுரத்துப் பனையேறி ஒருவர் ஒரே நாளில் ஏறி இறங்கும் உயரத்தைக் கூட்டி, அது எத்தனை மாடிக் கட்டடத்துக்குச் சமம் என்று எழுதினார். பதநீர் குடித்து வளர்ந்த நமக்கு அந்தக் கணக்குத் தோன்றவில்லை பாருங்கள்! புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் ஆயிரம் ஆயிரமாகச் சைக்கிள் கற்றுக்கொண்ட கதையையும் நாடறியச் செய்தவர் அவரே. ஏழை என்றால் அழுகைதான் என்று எழுதுகிறவர் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தக் கட்டுரைகள்தாம் 1996இல் நூலாக வந்தன. நல்ல வறட்சி என்றால் எல்லோருக்கும் பிரியம் என்பது அந்த ஆங்கிலத் தலைப்பின் பொருள். வறட்சி நிவாரணப் பணம் யார் வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்தவர்களுக்குத் தலைப்பே போதும்.

இரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். இவர் வி. வி. கிரியின் பேரர். அகில இந்திய இரயில்வேமென் சம்மேளனத்தைக் கட்டியவர்களில் ஒருவரான அதே கிரி. 1928இல் வங்காள நாகபுரி இரயில்வே தொழிலாளர் போராட்டத்தை நடத்தியவர். 1974 மே மாத இரயில்வே வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டபோது அவர் குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தார் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அது வேறு கட்டுரை.

சாய்நாத்தின் பெரிய வேலை 2000க்குப் பிறகுதான். ‘இந்து’ நாளிதழின் கிராமப்புறச் செய்தி ஆசிரியராக 2004 முதல் 2014 வரை இருந்தார். அனந்தப்பூர், வாரங்கல், மகாராஷ்டிரத்தின் விதர்பா என்று விவசாயிகள் பூச்சிமருந்து குடித்துச் செத்த வீடு வீடாகப் போனார். போனது மட்டுமல்ல, அரசாங்கத்தின் சொந்தப் புத்தகத்தையே எடுத்துப் புரட்டினார். தேசியக் குற்ற ஆவண அலுவலகம் வருஷா வருஷம் அச்சிட்டு அலமாரியில் அடுக்கிய எண்களைக் கூட்டினால் 1995 முதல் 2010 வரை 2,56,913 விவசாயிகள் தற்கொலை. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் கே. நாகராஜும் இந்த எண்களை அலசி ஆராய்ந்தவர். எந்த அமைச்சராலும் இது எதிர்க்கட்சிக் கணக்கு என்று சொல்ல முடியவில்லை. அவர்கள் கணக்குத்தானே!

இன்னொன்றையும் அவர் சொன்னார், அதுதான் என்னை உலுக்கியது. நாள் முழுதும் வயலில் நிற்கும் பெண் செத்தால், பட்டா அவள் பெயரில் இல்லாததால் விவசாயி என்று எழுதமாட்டார்கள். 2014ஆம் ஆண்டின் அறிக்கையில் விவசாயத் தொழிலாளிக்குத் தனிப் பத்தி போட்டார்கள். விவசாயி என்ற பத்தியில் எண் இறங்கிற்று. எந்தப் பத்தியில் எழுதுகிறான் என்பதில் இருக்கிறது சூட்சுமம். ஆபீசில் படிவம் நிரப்பிப் பிழைக்கும் எனக்கு இது உடனே விளங்கிற்று.

2007இல் மகசேசே விருது கிடைத்தது. பத்மபூஷண் தர வந்தபோது வேண்டாம் என்றார். 2021இல் ஆந்திர அரசு தந்த விருதையும் மறுத்தார். எந்த அரசைப் பற்றி எழுதுகிறோமோ அந்த அரசின் கையால் நிருபர் விருது வாங்கலாகாது என்பது அவர் கட்சி. சால்வைக்கு அலையும் நம் சங்கப் பிரமுகர்கள் (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்) இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

இனி நம் கதைக்கு வருவோம்.

2020 மே 1 அன்று விடியற்காலை, நாட்டின் முதல் சிரமிக் இரயில் கிளம்பியது நம் லிங்கம்பள்ளியிலிருந்துதான். சுமார் 1,200 தொழிலாளிகளோடு ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குப் போனது. ஒரு வாரம் கழித்து, மே 8 அன்று, நம் தென்மத்திய இரயில்வே எல்லைக்குள், ஔரங்காபாத் அருகே கர்மாடில், நடந்து களைத்துத் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 பேர் மேல் சரக்கு வண்டி ஏறியது. அந்தச் செப்டம்பரில், ஊரடங்கில் செத்த புலம்பெயர் தொழிலாளிகள் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டதற்கு, விவரம் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. சிரமிக் இரயில்களில் பயணம் செய்தவர்களில் 97 பேர் இறந்ததாக அதே மாதம் இரயில்வே அமைச்சர் மாநிலங்களவையில் சொன்னார். சாலையில் செத்தவனுக்குப் பத்தியே இல்லை.

அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம். அந்த மாதங்களில் நம் ஏடு என்ன எழுதியது? பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். அரிசி மூட்டை வழங்கும் படம் நான்கு. வழங்கியவர்கள் பெயர் முழுதாக, பட்டத்தோடு இருக்கிறது. வாங்கியவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. எந்த மேஸ்திரி எத்தனை வாரக் கூலியைப் பாக்கி வைத்தான் என்று ஒரு வரி இல்லை. எழுதியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

அதற்கும் மூன்று வருஷம் முந்தியது இது. திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து சென்ட்ரிங் வேலைக்கு வந்த ஒரு தம்பி, நகரின் மேற்குப் பக்கம் ஒரு கட்டடத்திலிருந்து விழுந்து இறந்தார். உடலை ஊருக்கு அனுப்ப வண்டி பிடித்தது நம் சங்கம். நம் ஏட்டில் இரங்கல் எழுதியது நான். எட்டு வரி. ஆறு வரி கண்ணீர், இரண்டு வரி சேதி. எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, வேலைக்கு வைத்தது யார், இடுப்பில் பெல்ட் இருந்ததா, ஒன்றும் எழுதவில்லை. ஊர்ப் பெயரில் ‘மேல்’ என்பதைக் ‘கீழ்’ என்றும் போட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து அவர் அண்ணன் நஷ்டஈட்டு வழக்குக்காக வந்தார். அங்கே அப்படி ஒரு ஆளே வேலை செய்யவில்லை என்று ஒப்பந்தக்காரர் சாதித்துவிட்டாராம். “அண்ணே, அப்போ நீங்க பத்திரிகையில போட்டீங்களே, அதக் குடுங்க, வக்கீல் கேக்குறாரு” என்றார். எடுத்துக் கொடுத்தேன். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அது எதற்கும் உதவவில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

கண்ணீருக்குப் பதில் நான்கு விவரம் எழுதியிருந்தால் அந்தக் குடும்பத்தின் கையில் ஒரு காகிதம் இருந்திருக்கும். சாய்நாத்தின் எழுத்தைப் பிறகு அகராதி வைத்துக்கொண்டு படித்தபோது, எனக்கு அந்த எட்டு வரிதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. நான் வெறும் மெட்ரிக்குலேஷன். அவருடைய ஆங்கிலம் எனக்குக் கொஞ்சம் கரடுமுரடு. ஆனால் அவர் கேட்ட கேள்விகளுக்குப் பட்டம் தேவையில்லை. எந்த ஊர், எத்தனை பேர், எவ்வளவு கூலி, யாருக்குக் கடன்?

அவர் ஆசிரியராகவும் இருந்தவர். மும்பை சோபியா பாலிடெக்னிக்கில் பல்லாண்டுகள் இதழியல் கற்பித்தார். சென்னை ஆசிய இதழியல் கல்லூரியிலும் வகுப்பெடுத்தார். 2012இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வரை போனார். நூலின் உரிமைத் தொகையைக் கிராமத்து நிருபர்களுக்குப் பரிசாக்கினார். எல்லாம் சரி. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. இதழியல் கல்லூரி என்றாலே கட்டணம் இலட்சத்தில், பாடம் ஆங்கிலத்தில். பொல்லாரம் மேஸ்திரி வீட்டுப் பெண் அங்கே நுழைவது எப்படி? ஏழையைப் பற்றி எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள், ஏழை எழுதக் கற்றுக்கொள்ள வழி குறைவு. இந்தக் குறை அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். 2014 டிசம்பரில் அவர் தொடங்கிய ‘பாரி’ என்ற கிராமப்புற மக்கள் ஆவணகம் தமிழ், தெலுங்கு உட்படப் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வருகிறது, படிக்கக் காசு இல்லை, மாணவர் எழுதுவதும் அதில் வருகிறது. 2022இல் அவர் எழுதிய விடுதலைப் போராளிகள் பற்றிய நூலில் நம் சங்கரய்யாவும் நல்லகண்ணுவும் இருக்கிறார்கள், தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் மல்லு சுவராஜ்யமும் இருக்கிறார். கேட்டு எழுத அவர் போனபோது அவர்களுக்கெல்லாம் தொண்ணூறு வயது நெருங்கியோ தாண்டியோ இருந்தது. சுவராஜ்யம் நூல் வெளிவருவதைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் காலமானார்.

செயற்குழுவில் நான் வைத்த தீர்மானம் இதுதான். அடுத்த மாதம் முதல் ஞாயிறு தொடங்கி, சங்க அறையில் காலை பத்து மணிக்கு நிருபர் வகுப்பு. கட்டணம் இல்லை. வயது வரம்பு இல்லை. பெண்கள் அவசியம் வர வேண்டும். முதல் வாரப் பாடம்: விடியற்காலை சார்மினார் எக்ஸ்பிரஸ் ஜெனரல் பெட்டியிலிருந்து இறங்கும் பத்துப் பேரிடம், எந்த ஊர், என்ன வேலைக்கு, யார் அழைத்து வந்தது, பேசிய கூலி எவ்வளவு, அட்வான்ஸ் வாங்கியது எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதி வருவது. அவர்கள் சம்மதித்தால் மட்டும் பெயர். எழுத்துப் பிழைகளை நான் திருத்திக்கொள்கிறேன். ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதியவர்கள் திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.