கல்லில் உள்ளதும் கதையில் உள்ளதும்

பேச்சுப் போட்டி என்றால் ஒரு பெயர் தவறாமல் மேடை ஏறும். அதுவே டாக்டர் ஜி. யு. போப். "தம் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதச் சொன்ன பெருமகனார்!" என்று பேசுபவர் குரலை உயர்த்துவார். உடனே அரங்கம் அதிரும். பரிசும் பெரும்பாலும் அவருக்கே. ஆனால் அந்தக் கல்லில் அப்படி ஒரு வாசகம் இல்லவே இல்லை. இதைச் சொன்னால் தமிழன்னைக்கே குறை வைத்ததுபோல் சிலர் பார்க்கிறார்கள். எனினும் சொல்ல வேண்டும் என்றே நாங்கள் கருதுகிறோம்.

(சிறு வகுப்புத் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. போப் என்பது அவருடைய குடும்பப் பெயர். உரோமையிலுள்ள பாப்பரசருக்கும் அவருக்கும் யாதொரு உறவும் இல்லை!)

போப் அடக்கம் செய்யப்பட்ட இடம் இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகரில், வால்டன் தெருவை ஒட்டியுள்ள செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். 'திருக்கல்லறை' என்பதே அப்பெயரின் பொருள். நகரத்துக் கோயில் முற்றங்களில் புதைக்க இடமின்றிப் போகவே, 1848-ஆம் ஆண்டு இத்தோட்டத்தைத் திறந்தார்கள். கல்லூரித் தலைவர்களும் பேராசிரியர்களும் மட்டுமன்று, நகர மேயர்களும் கடைக்காரர்களும் அங்கே அருகருகே துயில்கின்றனர். கல்லறைக்குள் போனபின் வரிசை ஏது?

அங்கே தாமஸ் கோம் என்று ஒருவர் இருக்கிறார். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அச்சகத்தை நடத்தியவர், 1872-இல் இறந்தார். அவரை நமக்குத் தெரியாது. ஆனால் அவர் வாங்கிய படத்தை நமக்குத் தெரியும். இரவு நேரம், கையில் விளக்கு, மூடிய கதவைத் தட்டி நிற்கும் இயேசு. அதன் சாயலில் அச்சிட்ட படங்கள் நம் வீடுகளில் எத்தனை எத்தனை! ஹோல்மன் ஹண்ட் வரைந்த அந்த மூல ஓவியத்தை வாங்கியவர் கோம். அவர் இறந்தபின் அவருடைய மனைவி மார்த்தா அதைக் கீபிள் கல்லூரிக்கு வழங்கிவிட்டார். அது இன்றும் அங்கே இருக்கிறது.

பேலியல் கல்லூரியின் தலைவராயிருந்த பெஞ்சமின் ஜோவெட்டும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். கிரேக்க ஞானி பிளேட்டோவை ஆங்கிலத்தில் தந்தவர். திருவாசகத்தை மொழிபெயர்க்கும் எண்ணத்தைப் போப் இவரிடம் கூறினாராம். அதற்கு நீண்ட ஆயுள் வேண்டுமே, தமக்கோ வயதாகிவிட்டதே என்று தயங்கினாராம். பெரும்பணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டால் ஆயுள் தானே நீளும் என்ற கருத்தில் ஜோவெட் ஊக்கமளித்தாராம். இதைப் போப்பே தம் நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஜோவெட் 1893-இல் காலமானார். போப்போ தம் எண்பதாம் பிறந்த நாளில், 1900 ஏப்ரல் 24 அன்று, அப்பணியை முடித்து முன்னுரையில் கையெழுத்திட்டார். எண்பது வயதில்! காலாண்டுத் தேர்வுக்கே களைத்துப்போகும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது போப்பின் கல்லுக்கு வருவோம். அது முழுவதும் ஆங்கிலம். பெயருக்கு அடுத்து 'தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்' என்னும் பொருளில் ஒரு தொடர். பிறகு, பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியில் குருவாகப் பணி செய்தவர் என்ற விவரம். பிறந்த நாள் 1820 ஏப்ரல் 24, இறந்த நாள் 1908 பெப்ரவரி 11. இறுதியில், கீழைநாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்ததைப் போற்றி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் இக்கல்லை நாட்டினர் என்று முடிகிறது.

தோழியரே, முதல் தொடரை மீண்டும் ஒருமுறை பாருங்கள். 'தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்.' அவர் பிறந்தது கனடாவின் பிரின்சு எட்வர்டு தீவில். வளர்ந்தது இங்கிலாந்தில். இறந்தது ஆக்ஸ்போர்டில். 1839-இல் பத்தொன்பது வயது இளைஞராக நம் நாட்டுக்கு வந்து, சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் என்று பள்ளிகள் நடத்தினார். (பிரம்பை ஓய்வெடுக்க விடாத ஆசிரியர் என்றும் பெயர் வாங்கினார். அந்தப் பகுதியைப் பேச்சுப் போட்டியில் எவரும் சொல்வதில்லை!) 1886-இல் திருக்குறளையும், 1893-இல் நாலடியாரையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அத்தகையவருக்கு ஊர் எது என்று எழுத வேண்டி வந்தபோது, பிறந்த தீவையும் எழுதவில்லை, வாழ்ந்து மறைந்த நகரையும் எழுதவில்லை. நம் மண்ணை எழுதினார்கள். 'தமிழ் மாணவன்' என்ற கற்பனை வாசகத்தைக் காட்டிலும் இது எவ்வளவு மேலானது! கடல் கடந்து கிடக்கும் ஒரு கல்லில் 'தமிழ் நண்பர்கள்' என்று நம் முன்னோரையும் சேர்த்துப் பொறித்திருக்கிறார்களே, அதை விட்டுவிட்டு, இல்லாத வரிக்கு நாம் ஏன் கைதட்ட வேண்டும்?

எங்கள் வகுப்பில் இதுபற்றி விவாதம் எழுந்தது. "நல்ல கதைதானே! தமிழுக்குப் பெருமைதானே! இதனால் யாருக்கு என்ன நட்டம்?" என்பது ஒரு சாரார் கட்சி. போப் தம்மைத் தமிழ் மாணவராகவே நினைத்திருக்கக்கூடும் என்றும் அவர்கள் வாதிட்டனர். நினைத்திருக்கலாம். ஆனால் ஒருவர் மனத்தில் நினைத்திருக்கக்கூடியது வேறு, அவர் கல்லில் எழுதச் சொன்னார் என்பது வேறு. உயிரோடிருப்பவர் மீது நாம் ஒன்றைச் சொன்னால் அவர் எழுந்து மறுக்கலாம். இறந்தவர் என் செய்வார்? அவர் வாயில் நாம் எதை வைத்தாலும் அது அவர் சொன்னதாகவே நின்றுவிடும்.

நட்டம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள இயலாது. இதற்கு அயல்நாடு வரை போக வேண்டாம். எங்களில் பலர் பிளவக்கல் அணைகளின் நீர் பாயும் வத்திராயிருப்பு, கூமாபட்டிப் பக்கத்திலிருந்து வருபவர்கள். அங்குள்ள இரண்டு அணைகளில் ஒன்றின் பெயர் பெரியாறு, மற்றது கோவிலாறு. மலைக்கு அப்பால், வருசநாட்டையும் தாண்டினால் கம்பம் பள்ளத்தாக்கு. அதற்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணை வேறு, நம் பிளவக்கல் பெரியாறு வேறு. அந்த அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக் 1911-இல் இறந்து, இங்கிலாந்தில் பிரிம்லி என்னும் ஊரின் கோயில் முற்றத்தில் அடக்கமானார். அவர் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று ஊரெல்லாம் கதை வழங்குகிறது. அதற்கு ஆவணம் எதையும் எவரும் காட்டியதில்லை. 1887-இல் தொடங்கி 1895-இல் திறக்கப்பட்ட அந்த அணை, சென்னை மாகாண அரசாங்கத்தின் பணத்தில் எழுந்தது. காட்டுவெள்ளம் வேலையை அடித்துக்கொண்டு போனபோதும் அவர் மனம் தளராமல் நின்றதே அவர் பெருமைக்குப் போதும். கதையோ அவருடைய வீட்டு நகைகளைப் பேசுகிறது. மலைக்காய்ச்சல் கண்டு அங்கேயே மடிந்த கூலித் தொழிலாளரைப் பற்றிப் பேச அதற்கு இடமில்லை. இதுதான் நாங்கள் சொல்லும் நட்டம்.

கல்லில் அதிகம் எழுதினால்தான் பெருமை என்பதும் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் எமி கார்மைக்கேல் அம்மையார் 1951-இல் இறந்தார். ஆதரவற்ற குழந்தைகளை, பெரும்பாலும் பெண் குழந்தைகளை, ஐம்பது ஆண்டுகளாக வளர்த்தவர். தமக்குக் கல்லறைக் கல்லே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை அங்கே வைத்து, அதில் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள். 'அம்மா.' அதற்குமேல் ஓர் எழுத்தும் வேண்டியிருக்கவில்லை. எழுதியவர்களுக்கு அவரைத் தெரியும். ஆகவே கதை கட்ட வேண்டிய தேவையும் எழவில்லை.

ஆக்ஸ்போர்டுத் தோட்டத்தை இன்று தன்னார்வலர் குழு ஒன்று பேணி வருகிறது. புதர்களை வெட்டி, எழுத்துகளைப் படித்து, அங்கே அடக்கமானவர்களின் வரலாற்றை ஒவ்வொன்றாகத் தேடி எழுதுகிறார்கள். பெரிய மனிதர் வரலாற்றோடு மளிகைக்காரர் வரலாறும் அதில் இடம்பெறுகிறது. நாம் செய்ய முடியாத காரியமா இது?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று நாம் குடும்பத்தோடு கல்லறைத் தோட்டம் சென்று, புல் செதுக்கி, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். நம் வீட்டாரின் கல்லறை முடிந்ததும் திரும்பிவிடுகிறோம். வரும் ஆண்டு முதல், எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு மாணவியும் தன் ஊர்த் தோட்டத்தில் உறவினரல்லாத ஒருவரின் கல்லை, உள்ளது உள்ளபடி, எழுத்துப் பிழையிருந்தால் அப்பிழையோடு, ஒரு நோட்டில் பிரதி எடுத்து வரலாம் என்பது எங்கள் யோசனை. ஊரின் முதல் ஆசிரியர், மருத்துவச்சி, பஞ்சாயத்துத் தலைவர், கிணறு வெட்டிக் கொடுத்தவர் என்று யாரேனும் ஒருவர் அங்கே கட்டாயம் இருப்பார். இலத்தீனில் எழுதிய பழைய கல் அகப்பட்டால் பங்குத் தந்தையரிடம் பொருள் கேட்கலாம்.

நம் சிஸ்டர்மாரின் கல்லறைகளையும் மறக்கலாகாது. ஒரு பெயர், பிறந்த நாள், வார்த்தைப்பாடு கொடுத்த நாள், இறந்த நாள். அவ்வளவே! ஒரே பள்ளியில் தாய்க்கும் மகளுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு இந்த நாலே வரி. மீதியைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்களிடம் படித்த நம் தாய்மாரும் பாட்டிமாரும். அவர்களைக் கேட்டு, யார் சொன்னது என்ற குறிப்போடு எழுதிவைத்தால், நாளைக்கு எவரும் அந்தச் சிஸ்டருக்குக் கதை கட்ட வேண்டியிராது.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். திருநாளுக்காகப் பழைய கல்லறைகளுக்குச் சுண்ணாம்பும் பெயின்டும் பூசுகிறீர்கள். வெட்டெழுத்து அதில் அடைபட்டுப் போகிறது. தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தாலே அழுக்குப் போய்விடும். பூசித்தான் ஆக வேண்டுமென்றால், அதற்கு முந்தின நாள் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். நோட்டும் பென்சிலுமாக வந்து எழுத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போகிறோம்.