சவரத் தூரிகையும் கவரிமாவும்

இலக்கியம் பேசும் இடத்தில் சவரத் தூரிகைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கூடாவொழுக்கம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் (280) மழித்தலுக்கு இடம் கொடுத்தவர் வள்ளுவர். அவருக்கு ஆகாத பொருளன்று, நமக்கு ஆகலாம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. அழுத்தினால் நுரை கக்கும் டப்பாவையும், பயன்படுத்தித் தூக்கி எறியும் ரேசரையும் விட்டுவிட்டு, தூரிகை, சோப்பு, இருமுனை பிளேடு என்னும் பழைய முறைக்குத் திரும்புகிறவர்கள் இன்று பலர். நம் ஆசிரியர் ஓய்வறையிலேயே மூவர் இருக்கிறார்கள். அவர்கள் அடிக்கடி கேட்பது இது: “பேராசிரியர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற மாதிரி ஒரு நல்ல ‘பேட்ஜர்’ முடி பிரஷ் எது?” எந்தக் கடை, எந்த விலை என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தக் கேள்வியின் இரண்டு சொற்கள், ‘பேட்ஜர்’ என்பதும் ‘கட்டுப்படி’ என்பதும், சற்று நின்று பார்க்க வேண்டியவை என்று நமக்குத் தோன்றுகிறது.

முதலில் ‘பேட்ஜர்’. தமிழில் இதை ‘வளைக்கரடி’ என்கிறார்கள். வளையில் வாழ்வது உண்மை. கரடி என்பது உவமை. கீரியும் நீர்நாயும் போன்ற சிறு ஊனுண்ணிகளில், நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. நம் நாட்டில் இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு. ஆங்கிலேயர் ‘ராட்டல்’ என்று குறித்த அவ்விலங்கைத் தமிழர் ‘தவக்கரடி’ என்றனர். அது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் (1972) முதல் அட்டவணையில் உச்சப் பாதுகாப்பில் இருப்பது. அதன் மயிரில் தூரிகை செய்வோர் இல்லை. கென்னத் கிரஹாமின் ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ (1908) படித்தவர்களுக்கு ஐரோப்பிய வளைக்கரடி ஒரு கதைமாந்தராகவே அறிமுகமாகியிருக்கும். பிரிட்டனில் அதைக் கொல்வதையும் அதன் வளையைச் சிதைப்பதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. எனவே, கைப்பிடியில் எந்த ஐரோப்பிய நகரத்தின் பெயர் பொறித்திருந்தாலும், உள்ளே இருக்கும் மயிர் பெரும்பாலும் சீனத்திலிருந்து வந்தது.

அம்மயிருக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வளைக்கரடியின் காவல்மயிர் நடுவில் தடித்து, நுனியில் ஊசிபோல் கூர்ந்து மெலிகிறது. நடுத்தண்டு விறைப்பைத் தருகிறது. நுனி மென்மையைத் தருகிறது. தண்ணீரைப் பிடித்துவைத்து, குழைந்த நுரையாகக் கன்னத்தில் இறக்குகிறது. பன்றி மயிர் முரடு. நாள்பட்ட பழக்கத்தில்தான் நுனி பிளந்து மிருதுவாகும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் முதல் நாளிலேயே மென்மையை விலைக்கு வாங்க விரும்புகிறார்கள். ஆசை இயல்பானதுதான்.

விலைக்கு வாங்கும்போதுதான் மொழியின் விளையாட்டு தொடங்குகிறது. இத்தூரிகைகளில் தரம் குறிக்கும் சொற்கள் நான்கு: ‘பியூர்’, ‘பெஸ்ட்’, ‘சூப்பர்’, ‘சில்வர்டிப்’. ‘பியூர்’ என்றால் தூய்மையானது. ஆகவே அதுவே உயர்ந்தது என்று எண்ணுவோம். அதுதான் ஆகக் கீழ்த்தரம். ‘பெஸ்ட்’ என்பது இடைத்தரம். இவற்றை வரையறுக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை; ஒருவரின் ‘சூப்பர்’ இன்னொருவரின் ‘பெஸ்ட்’டாக இருக்கலாம். ‘சுத்தமான’ என்ற அடைமொழியை எண்ணெய்ச் செக்கு முதல் நெய்க் கடைவரை தேய்த்தெடுத்த நமக்கு இது புதிதன்று. சொல்லின் நேர்மையைப் பாடமாகச் சொல்லித் தருகிறவர்கள், மலிவான ‘பியூர் பேட்ஜர்’ தூரிகையை உயர்தரம் என்று நம்பி வாங்குவது சற்று வேடிக்கையானது.

‘பேட்ஜர்’ என்ற சொல்லேகூட நம்பத்தக்கதன்று. பன்றி மயிருக்குக் கறுப்புப் பட்டை சாயம் ஏற்றி வளைக்கரடி மயிர்போல் தோன்றச் செய்வது இத்தொழிலில் பழகிப்போன ஒன்று. இப்போலிக்கு ஒரு கொடிய முன்கதையும் உண்டு. முதல் உலகப்போர், ரஷ்யாவிலிருந்தும் ஜெர்மனி வழியாகவும் வந்துகொண்டிருந்த வளைக்கரடி மயிரின் வரத்தைக் குலைத்தது. ஆசியாவிலிருந்து குதிரை மயிர் இறக்குமதியாகி, வளைக்கரடி வேடம் பூண்டு, படைவீரர்களின் சவரப் பெட்டிகளில் புகுந்தது. சரியாகக் கிருமி நீக்கப்படாத அம்மயிரில் அடைப்பான் நோயின், அதாவது ஆந்த்ராக்ஸின், வித்துகள் இருந்தன. 1915-க்கும் 1924-க்கும் இடையில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருநூறுக்கும் மேற்பட்டோர் சவரத் தூரிகையால் அந்நோய்க்கு ஆளாயினர், பலர் இறந்தனர். 1920-இல் பிரிட்டன் ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைத் தடைசெய்தது.

அன்று போலி ஆளைக் கொன்றது. இன்று அசலில்தான் சிக்கல் இருக்கிறது.

இங்கே கவரிமாவுக்கு வருவோம். மானம் அதிகாரத்தில் (குறள் 969) வரும் அந்த விலங்கு மானன்று, ‘மா’. இமயத்துப் பனிவெளியில் வாழும் சடைமயிர் எருது என்று நம் வகுப்புகளில் ஆண்டுதோறும் திருத்திக்கொண்டிருக்கிறோம். புறநானூற்றின் 132-ஆம் பாடலிலும் பதிற்றுப்பத்தின் 11-ஆம் பாடலிலும் அது இமயத்தோடு சேர்ந்தே வருகிறது. அதன் வால்மயிர் அரசனுக்கும் ஆண்டவனுக்கும் வெண்சாமரமாயிற்று. மயிலையில் சுவாமி புறப்பாட்டைப் பார்த்தவர்களுக்குச் சாமரத்தை விளக்க வேண்டியதில்லை. மயிர் இழந்தால் கவரி உயிர் வாழாது என்பது விலங்கியல் அன்று, அறம் சொல்ல வந்த உவமை. மயிர் கத்தரிக்கப்பட்ட கவரி மறுநாளும் மேயும். ஆனால் வளைக்கரடியின் விஷயத்தில் அவ்வுவமை சொல்லுக்குச் சொல் உண்மையாகிவிடுகிறது. அதன் மயிரை ஆட்டு ரோமம்போல் கத்தரித்துக்கொண்டு விலங்கை அனுப்பிவைப்பதில்லை. தோலை உரித்த பிறகுதான் மயிர் கிடைக்கிறது.

2018-இல் ‘பீட்டா ஆசியா’ அமைப்பு சீனத்தின் வளைக்கரடிப் பண்ணைகளைப் பற்றிய ஒரு புலனாய்வைக் காணொளியோடு வெளியிட்டது. வளை தோண்டி வாழும் விலங்குகள் சிறு கம்பிக் கூண்டுகளில் அடைபட்டிருந்ததையும், அவை கொல்லப்பட்ட விதத்தையும் அதில் கண்டவர்கள் எளிதில் மறக்க இயலாது. அதன்பின் மேலைநாட்டு நிறுவனங்கள் சில அத்தூரிகைகளை விற்பதையே நிறுத்தின. பீட்டா என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகர்களில் பலருக்கு 2017-ஆம் ஆண்டின் மெரினாவும் ஜல்லிக்கட்டும் நினைவுக்கு வந்து முகம் சுருங்கும் என்பதை அறிவோம். அது வேறு வழக்கு. வீட்டில் பிள்ளைபோல் வளர்க்கும் காளையைப் பற்றிய வாதம் கூண்டில் அடைத்துத் தோலுரிக்கும் தொழிலுக்குக் கேடயமாகாது. சொன்னவர் யார் என்று பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வது, மெய்ப்பொருள் காணும் வழியன்று.

உயிரிரக்கம் நமக்கு அயலிலிருந்து வரவேண்டிய சரக்கும் அன்று. அடையாற்றில் 1936-இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். அங்கே அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அவ்வாரியம் அரியானாவுக்குப் பெயர்வதற்கு முன் பல்லாண்டுகள் சென்னையிலிருந்தே இயங்கியது. 1959-இல் கேப்டன் சுந்தரமும் உஷா சுந்தரமும் தொடங்கிய ‘புளூ கிராஸ்’ தியாகராய நகரில் அவர்கள் வீட்டில் பிறந்ததுதான். இந்த ஊரில் இருந்துகொண்டு, “எங்கோ சீனத்தில் நடப்பது நமக்கெதற்கு” என்று கேட்பது சரித்திரத்தை மறந்த பேச்சு.

சீனத்தையே குறை சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஓவியத் தூரிகைக்காக நம் நாட்டிலேயே கீரிப்பிள்ளைகள் கொல்லப்படுகின்றன. உத்தரப்பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்து ஷேர்கோட், தூரிகைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். கீரி மயிர் வணிகம் சட்டவிரோதமாகிப் பல காலம் கழித்தும் அது ஓயாததால், காட்டுயிர்க் குற்றத் தடுப்புப் பணியகம் 2019-இல் ‘ஆபரேஷன் கிளீன் ஆர்ட்’ என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்த வேண்டியிருந்தது. வாங்குபவர் கேட்காதவரை விற்பவர் சொல்லப்போவதில்லை. ஓவியருக்கும் சவரம் செய்பவருக்கும் இது பொது.

“அவை பயிரை அழிக்கும் விலங்குகள், எப்படியும் கொல்லப்படுபவை, மயிர் வீணாகாமல் பயன்படுகிறது” என்பது விற்பவர் தரப்பு வாதம். பயிரைக் காக்க விரட்டுவது வேறு. பண்ணை வைத்துப் பெருக்கிக் கொல்வது வேறு. பண்ணை என்று ஒன்று வந்துவிட்ட பிறகு அவ்வாதம் நிற்பதில்லை. ‘கட்டுப்படி’ என்ற நம் இரண்டாம் சொல் இங்கேதான் இடறுகிறது. கூண்டைச் சிறிதாக்கினால் செலவு குறையும், செலவு குறைந்தால் விலை குறையும். மலிவான வளைக்கரடித் தூரிகையைத் தேடுகிறவர், தம்மையறியாமல், சிறிய கூண்டைத் தேடுகிறார்.

அப்படியானால் எதை வாங்குவது? நம் கருத்தில், சென்னைவாசிக்குச் செயற்கை இழைத் தூரிகையே ஏற்றது. நாம் சொல்வது பழைய, கன்னத்தைப் பிறாண்டும் நைலான் துடைப்பத்தை அன்று. இன்றைய இழைகள் நுனியில் மெலிந்து, இடையில் லேசாக நெளிந்து, வளைக்கரடி மயிரின் அமைப்பைப் பின்பற்றியே செய்யப்படுகின்றன. லஸ் முனையிலோ பாண்டி பஜாரிலோ கேட்டால் கடைக்காரர், “முடி பிரஷ்ஷா, நைலான் பிரஷ்ஷா சார்?” என்று இரண்டே வகைதான் சொல்வார். இரண்டாவதில் பல தரம் உண்டு. புறங்கையில் சுழற்றிப் பார்த்து வாங்குங்கள். குஞ்சத்தின் அடிவிட்டம் 20 முதல் 24 மில்லிமீட்டர் போதும். அழுத்தினால் அடிவரை சரிந்துபோகக் கூடாது. கைப்பிடி ஈரக்கையில் வழுக்கக் கூடாது. மரக் கைப்பிடி பார்க்க அழகு, நம் ஊர் ஈரத்தில் வெடிப்பு விடும்.

செயற்கை இழைக்குச் சாதகமாக நம் ஊரே இரண்டு காரணங்களைத் தருகிறது. ஒன்று காற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துவைத்த வேட்டியே உலர்வதில்லை. அடர்ந்த மயிர்க் குஞ்சம் எப்படி உலரும்? உலராத மயிர் நாறும், அடியில் பூஞ்சை பற்றும். செயற்கை இழை உதறிய சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். மற்றொன்று தண்ணீர். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பல வீடுகளில் போர்த் தண்ணீர் உப்பும் கடினமும் உடையது. அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்பைத் திரியச் செய்து படலமாக்குகின்றன. நுரை எழும்பாது, எழும்பினாலும் நிற்காது. எத்தனை விலை கொடுத்து வாங்கிய மயிராயினும் இக்கணக்கை மாற்றாது. மெட்ரோ தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ ஒரு டம்ளர் எடுத்து நுரைத்துப் பாருங்கள்; தூரிகையின் குறை என்று எண்ணியதில் பாதி தண்ணீரின் குறை என்று தெரியும். தவிரவும், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடத்தோடு நின்ற ஊர் இது. குழாயைத் திறந்துவிட்டுச் சவரம் செய்யும் பழக்கத்தைவிட டம்ளரும் தூரிகையும் சிக்கனம்.

இழை பிளாஸ்டிக்தானே, அதுவும் தீங்குதானே என்று கேட்பவர்களுக்கு மறுப்பில்லை. ஆயினும் ஒரு தூரிகை பல ஆண்டுகள் உழைக்கும். அந்த ஆண்டுகளில் தீர்ந்து குப்பைக்குப் போகும் நுரை டப்பாக்களை எண்ணிப் பாருங்கள். பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம் என்பவர்க்குக் குதிரை மயிர் உண்டு. பிடரியிலும் வாலிலும் கத்தரித்து எடுப்பது. கவரியைப்போல் குதிரையும் மறுநாள் மேயும். சென்னைக் கடைகளில் அரிது, வரவழைக்க வேண்டும். பன்றி மயிர் மலிவு. இறைச்சிக்காகக் கொல்லப்படும் விலங்கின் உபபொருள். புலால் உண்பவர்க்கு அதில் முரண் இல்லை; உண்ணாதவரும், சமயக் காரணத்தால் பன்றியை விலக்குபவரும் மயிரின் பெயரைக் கேட்டறிந்து வாங்கட்டும். ஏற்கெனவே வளைக்கரடித் தூரிகை வைத்திருப்பவர்கள், அது தந்தையார் விட்டுச்சென்றதாக இருந்தால் இன்னும் நல்லது, தேயும்வரை அதையே பயன்படுத்தலாம். எறிந்துவிடுவதால் எந்த உயிரும் மீளப்போவதில்லை.

எதை வாங்கினாலும் பராமரிப்பு ஒன்றுதான். கொதிநீரில் முக்காதீர்கள்; குஞ்சத்தை ஒட்டிய பசை இளகிவிடும். அலசி, உதறி, குஞ்சம் கீழ்நோக்கத் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை, தண்ணீர் கலந்த சிறிதளவு வினிகரில் ஊறவைத்து அலசினால் உப்புப் படலம் கரையும். ஒருவர் தூரிகையை இன்னொருவர் தொட வேண்டாம்; முடிதிருத்தகத்தில் பிளேடைப் புதிதாக மாற்றச் சொல்லும் நாம், வரிசையாக எல்லார் கன்னத்திலும் ஏறி இறங்கும் தூரிகையைக் கவனிப்பதில்லை.

ஓய்வறை நண்பர்களுக்கு நம் விடை இவ்வளவே: சில நூறு ரூபாயில் நல்ல செயற்கை இழைத் தூரிகை ஒன்று வாங்குங்கள், மீதிப் பணத்துக்கு நல்ல சோப்பு வாங்குங்கள். கடையில் ‘பேட்ஜர்’ என்று எழுதிய பெட்டியை எடுத்துக் காட்டினால், அது எந்த நாட்டு மயிர், எப்படி எடுத்தது என்று ஒருமுறை கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரிந்திராது, அடுத்த முறை சரக்கு எடுக்கையில் அவரும் கேட்கக்கூடும்.