தேடலும் தேர்தலும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், சேயாற்றங்கரையில் அமைந்த ஊர் மாகறல். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலமாதலின் சைவ உலகம் இவ்வூரை நன்கறியும். இவ்வூரையும் இதனைச் சூழ்ந்த ஊர்களையும் இன்று கைப்பேசி வேறொரு வழியில் அறிந்து வைத்திருக்கிறது. பட்டுநூல் என்ன விலை, சரிகை விலை ஏறிற்றா, உதவித்தொகை எப்போது வரும், எந்த வேட்பாளர் என்ன பேசினார் என்றெல்லாம் நெசவாளரும் மாணவரும் இணையத்தில் தேடுகின்றனர். இத்தேடல்களைத் திரட்டி ஆராய்ந்தால் தேர்தல் முடிவை முன்கூட்டியே உரைத்துவிடலாம் என்னும் கருத்து படித்தவரிடையே செல்வாக்குப் பெற்று வருகிறது. அது குறித்துச் சில கூற விழைகிறோம்.

கூகுள் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் 'கூகுள் ட்ரெண்ட்ஸ்' என்னும் வசதியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஒரு சொல்லை எத்தனை பேர் தேடினர் என்னும் எண்ணிக்கையை அது தருவதில்லை. தேடல் மிகுந்திருந்த காலத்தை 100 எனக் கொண்டு, ஏனைய காலங்களை அதனோடு ஒப்பிட்டுக் கோடு வரைந்து காட்டுகிறது, அவ்வளவே. ஒரு தலைவரின் பெயரை ஆதரிப்பவனும் தேடுவான், வெறுப்பவனும் தேடுவான், அவர் மீதான வழக்கு என்னவாயிற்று என்று அறிய விரும்புபவனும் தேடுவான். திரையுலகிலிருந்து அரசியலுக்கு வருவோர் மலிந்த தமிழகத்திலோ, அடுத்த படம் எப்போது வெளிவரும் என்று கேட்கும் இரசிகனின் தேடலும் அதே கணக்கில் ஏறிவிடுகிறது.

எனினும், தேடற்பதிவுகளில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. வீட்டு வாயிலில் நின்று கேட்பவரிடம் மக்கள் உள்ளத்தைத் திறப்பதில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் பெரும்பாலான வாக்குக் கணிப்புகள் பாரதிய சனதா கூட்டணிக்கு 350க்கும் மேற்பட்ட இடங்களைக் கூறின, கிடைத்தவை 293. கேட்டறியும் முறை இவ்வாறு தடுமாறும்போது வேறு வழி தேடுவது இயல்பே. அமெரிக்கப் பொருளியலறிஞர் சேத் ஸ்டீபன்ஸ் டேவிடோவிட்ஸ், நிறவெறிச் சொற்கள் மிகுதியாகத் தேடப்பட்ட பகுதிகளில் 2008 தேர்தலில் ஒபாமாவுக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவான வாக்குகளே விழுந்தன என்று காட்டினார். வாய் மறைத்ததை விரல் காட்டிக்கொடுத்தது எனலாம்.

நடந்து முடிந்ததை விளக்குவது வேறு. நடக்கவிருப்பதை உரைப்பது வேறு. அமெரிக்காவின் வெல்லெஸ்லி கல்லூரி ஆய்வாளர்கள் 2008, 2010 ஆண்டுகளின் அமெரிக்கக் காங்கிரசுத் தேர்தல்களை எடுத்துக்கொண்டு, தேடற்போக்கு முடிவை முன்னறிவிக்கத் தகுந்த கருவியன்று என 2011இல் எழுதினர். தேர்தலை விடுவோம், காய்ச்சலைக்கூட அதனால் சரியாகக் கணிக்க இயலவில்லை. நோய்க்குறித் தேடல்களைக் கொண்டு ஃபுளூ காய்ச்சலின் பரவலைச் சொல்ல 2008இல் கூகுள் தொடங்கிய திட்டம், 2012-13 குளிர்காலத்தில் மருத்துவர்களிடம் உண்மையில் வந்தோரைப் போல ஏறத்தாழ இருமடங்கினைக் கூறிற்று. 2015இல் அத்திட்டமே நிறுத்தப்பட்டது. செய்தித்தாள்கள் அச்சமூட்டும்போது காய்ச்சல் இல்லாதவரும் காய்ச்சலைத் தேடுவர் அல்லவா?

இது புதிய பிழையுமன்று. 1936இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் அமெரிக்க இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பி, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. 48 மாநிலங்களில் 46இல் வென்றவர் ரூசுவெல்ட். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்தே அவ்விதழ் பெரும்பாலான முகவரிகளைத் திரட்டியிருந்தது. ஏழைகள் அப்பட்டியல்களில் இல்லை, வாக்குச்சாவடியில் இருந்தனர்.

நம் நாட்டில் அவ்விடத்தில் பெண்கள் இருக்கின்றனர். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, என்றேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்கள் 33 பேர் மட்டுமே. தமிழகத்தின் வாக்காளர் பட்டியலிலோ பெண்களே மிகுதி. குடும்பத்துக்கு ஒரே கைப்பேசி, அதுவும் மகனின் சட்டைப்பையில் இருக்குமாயின், தாயின் கருத்து எந்தத் தேடலில் பதியும்? பாவுக்குப் புணி பிடித்துத் தரும் மூதாட்டி எதையும் தேடாமலே வாக்களித்துவிட்டு வருகிறார்.

வாக்குகள் இடங்களாக மாறும் கணக்கு இன்னும் கடினம். 2024இல் தமிழகத்தில் நாம் தமிழர் கட்சி நூற்றுக்கு எட்டு வாக்குகளைப் பெற்றும் ஓர் இடமும் பெறவில்லை. பாதிக்கும் சற்றுக் குறைவான வாக்குகளைப் பெற்ற தி.மு.க. கூட்டணி 39 இடங்களையும் வென்றது. மாநிலம் முழுமைக்குமான தேடற்கோடு இந்நுட்பத்தை எங்ஙனம் காட்டும்?

இவையெல்லாம் பிழையைப் பற்றியவை. நம் கவலை இவற்றினும் பெரிது. தேடுபொறி மக்களின் மனத்தைக் காட்டும் கண்ணாடி என்று நினைக்கிறோம். அது மனத்தை மாற்றவும் வல்லது. ராபர்ட் எப்ஸ்டைன், ரொனால்டு ராபர்ட்சன் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டின் 2014 மக்களவைத் தேர்தலின்போது இன்னும் முடிவெடுக்காத 2,150 வாக்காளர்களைக் கொண்டு நடத்திய சோதனையும் அடங்கும். விடைகளின் வரிசையை ஒரு வேட்பாளருக்குச் சாதகமாக மாற்றியமைத்தால், உறுதியற்ற வாக்காளரின் விருப்பத்தில் 20 விழுக்காடோ அதற்கு மேலுமோ மாற்றம் விளையக்கூடும் என்பதும், பலர் அச்சாய்வை உணர்வதேயில்லை என்பதும் அவர்கள் கண்ட முடிவு. எந்த நிறுவனமும் அவ்வாறு செய்தது என்பதற்கு இது சான்றன்று. செய்ய இயலும் என்பதற்குச் சான்று.

பிறர் மறைவைத் துருவித் துருவி ஆராய்வதைத் திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் விலக்குகிறது. வாக்கு ஓர் அமானிதம் என்று நம் ஆலிம்கள் தேர்தல்தோறும் எடுத்துரைக்கின்றனர். அமானிதத்தை ஒப்படைக்குமுன் ஒருவன் தனிமையில் கேட்கும் ஐயங்களும் அவனுக்கே உரியவை. நம் சட்டமும் இவ்வழியே செல்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வாக்கின் மறைவைக் காக்கிறது. அதில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 126ஏ பிரிவு, வாக்குப்பதிவு முடியும்வரை வாக்குக் கணிப்புகளை வெளியிடத் தடை விதிக்கிறது. தேடற்போக்கோ எந்நாளும் எவர்க்கும் திறந்து கிடக்கிறது.

மாகறலைக் கடந்து செல்லும் சாலை முடியும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. மேடைதோறும் அதனை மக்களாட்சியின் தொட்டில் என்கிறோம். அது பிரமதேய ஊர், நிலமும் வேதக்கல்வியும் உடையோர்க்கே அங்கே இடம் என்பதை மறந்துவிடுகிறோம். ஆயினும் ஒன்றை வியக்கலாம். பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் கலக்கி, விவரமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முடிவை எவரும் முன்னறியாதிருக்க அவர்கள் அத்துணை முயன்றனர். நாம் முன்னறிய முயல்கிறோம்.

நம் மாணவர்கள் தேடற்கோடுகளை ஆராயட்டும், வேண்டாம் என்னவில்லை. அதனினும் பயனுள்ள பணி ஒன்றுண்டு. வேட்பாளர்கள் தம் சொத்து, கல்வி, வழக்குகள் பற்றித் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையம் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. வாக்குப்பதிவுக்கு முந்திய வாரத்தில் நம் துறை மாணவர் நால்வர் மாகறல் போன்றதோர் ஊரில் திண்ணையொன்றில் அமர்ந்து, அவற்றை எளிய தமிழில் படித்துக் காட்டலாம். தேடத் தெரியாத தாய்மாரும் முதியோரும் கேட்பர். யாருக்கு வாக்கு என்று அங்கே எவரையும் வினவலாகாது. எல்லா வேட்பாளர்களின் பத்திரங்களும் படிக்கப்படல் வேண்டும். ஒருவருடையது விடுபட்டாலும் அது பரப்புரையாகிவிடும்.