வீடு வாங்குமுன் வாசலை அளந்து பாருங்கள்



வீடு வாங்கப் போகும் நம்மவர்கள் பத்திரத்தைப் பார்க்கிறார்கள்; பட்டாவைப் பார்க்கிறார்கள்; வில்லங்கச் சான்று எடுக்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். வீட்டின் முகப்பில் உள்ள போர்ட்டிகோவை மட்டும் அளந்து பார்ப்பவர் மிகக் குறைவு. ‘கார் நிறுத்த இடம் இருக்கிறது’ என்று தரகர் சொல்லிவிட்டால் அதுவே நமக்குப் போதுமானதாகி விடுகிறது.

என் உறவினர் ஒருவர் பெரம்பலூரில் அப்படித்தான் வீடு வாங்கினார். வளைகுடாவில் வேலை பார்த்துச் சேர்த்த பணம். கைபேசியில் வந்த காணொளியில் போர்ட்டிகோ விசாலமாகவே தெரிந்தது. விடுமுறையில் வந்து புதிய காரை உள்ளே விட்டபோதுதான் உண்மை விளங்கியது. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் தூண். கதவைத் திறந்து இறங்க வழியில்லை. வாசற்படி குறுக்கே நீட்டிக்கொண்டிருந்ததால் காரின் பின்பகுதி கேட்டைத் தாண்டி நின்றது. அன்று முதல் அந்தக் கார் தெருவில் நின்றது.

ஓர் இரவு எதிர்வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தது. 108 ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. சாவியைத் தேடி எடுத்துக் காரை நகர்த்துவதற்குள், பிள்ளைகள் அவரைத் தூக்கிக்கொண்டே ஓடினார்கள். அல்ஹம்துலில்லாஹ், அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இரு வீடுகளுக்கும் இடையே இருந்த ஸலாம் அன்றோடு மெலிந்துவிட்டது. விலைக்கு வாங்கிய வீட்டில் சில அடி இடம் குறைந்திருந்தது. அந்தக் குறையை ஈடுகட்டியவர் எதிர்வீட்டுக்காரர்.

நான் சொல்ல விரும்புவது இதைத்தான். கேட்டுக்கு உள்ளே இல்லாத இடத்தை நாம் கேட்டுக்கு வெளியே எடுத்துக்கொள்கிறோம். வெளியே இருப்பதோ நமக்குச் சொந்தமானதல்ல. ஆகவே போர்ட்டிகோவை அளப்பது வசதி பற்றிய கேள்வி மட்டுமாக நின்றுவிடுவதில்லை; அது பிறர் உரிமையைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

நபி (ஸல்) அவர்கள் மனிதனின் நற்பேறுகளாக எண்ணிச் சொன்னவற்றுள் விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார், வசதியான வாகனம் ஆகியவை இடம்பெறுவதாக இப்னு ஹிப்பான் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. இம்மூன்றும் சந்திக்கும் இடம் நம் வீட்டு வாசல். வாசல் குறுகினால் வாகனம் தெருவுக்குப் போகிறது. தெரு குறுகினால் அண்டை வீட்டாரின் மனம் கசக்கிறது. பாதையின் அகலத்தைப் பற்றிப் பிணக்கு எழுந்தபோது ஏழு முழம் விட வேண்டும் என்று நபியவர்கள் தீர்ப்பளித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஏழு முழம் என்பது ஏறத்தாழப் பத்தரை அடி. பதினாறு அடித் தெருவில் எர்டிகா போன்ற ஒரு காரை மதிலை ஒட்டி நிறுத்தினால், அதன் அகலம் ஐந்தே முக்கால் அடி போக, மிஞ்சுவது பத்தடி சொச்சம்தான். எதிர்வீட்டுக்காரரும் அவ்வாறே நிறுத்தினால் ஐந்தடி கூட மிஞ்சாது. ஆறடிக்கு மேல் அகலமுள்ள ஆம்புலன்ஸ் அதற்குள் எப்படிப் போகும்? நாளை நம் வீட்டு ஜனாஸாவைச் சந்தூக்கில் தோளேற்றி வருபவர்கள் அதற்குள் எப்படி நடப்பார்கள்?

எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட இடத்தைக் குறிப்பிடுகின்றன. அடிக்கணக்கில் ஏறத்தாழ எட்டேகால் அடிக்குப் பதினாறரை அடி. இது கார் நிற்பதற்கான அளவு. மாருதி ஸ்விஃப்ட்டின் நீளம் 3.86 மீட்டர், அகலம் 1.735 மீட்டர், கண்ணாடிகள் நீட்டும் அளவு இதில் சேரவில்லை. இன்னோவா கிரிஸ்டாவின் நீளம் 4.735 மீட்டர், அகலம் 1.83 மீட்டர். எட்டடி அகலமுள்ள போர்ட்டிகோவில் இன்னோவாவை நிறுத்தினால் இரு பக்கமும் சேர்த்தே இரண்டடிதான் மிஞ்சும். மூட்டுவலியுள்ள தாயார் அந்த இடைவெளியில் எப்படி இறங்குவார்? புர்கா அணிந்த பெண் கைக்குழந்தையுடன் மதிலை உரசாமல் எப்படி வெளியே வருவார்? அரைக் கதவைத் திறந்து உடலை நெளித்து இறங்க இளைஞரால் முடியும். குடும்பம் முழுவதும் இளைஞர்களாக இருப்பதில்லை. என் கணிப்பில், பத்தடி அகலமும் பதினெட்டு அடி நீளமும் இருந்தால் ஒரு குடும்பம் நிம்மதியாக இறங்கி ஏறலாம்.

எனவே வீடு பார்க்கப் போகும்போது அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். வெளிச்சுவரிலிருந்து அளக்க வேண்டாம். தூணுக்கும் மதிலுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளங்கள். வாசற்படி, மாடிப்படி, மின் மீட்டர்ப் பெட்டி ஆகியவை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் மறுபடியும் அளங்கள். அந்தக் குறைந்த அளவே உண்மையான அளவு. கேட் உள்நோக்கித் திறப்பதானால், அதன் கதவு சுழன்று வரும் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவை நோக்கித் திறக்கும் கேட் வழிப்போக்கருக்கு இடையூறு. பக்கவாட்டில் நகரும் கேட் இரண்டுக்கும் தீர்வு.

தரைக்கு அடியிலும் கவனம் வேண்டும். நம் பகுதியில் தண்ணீர்த் தொட்டியையோ கழிவுநீர்த் தொட்டியையோ போர்ட்டிகோவுக்குக் கீழே கட்டுவது வழக்கம். மேலே கார் ஏறும் என்று எண்ணித்தான் அதன் மூடியைப் போட்டார்களா என்று கட்டிய கொத்தனாரிடம் கேளுங்கள். பெரம்பலூரில் சின்ன வெங்காயத்தையும் மக்காச்சோளத்தையும் விளைவிக்கும் கரிசல் மண், மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் இயல்புடையது. அடித்தளத்தைச் சரியாக இறுக்காமல் போட்ட தரை, கார் ஏறி இறங்க இறங்கப் பிளந்துவிடும். சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூரிலும் அடிமண் சரியில்லையென்றால் சிமெண்ட் மட்டும் தரையைக் காப்பாற்றாது.

வெளியே வந்து தெருவையும் பாருங்கள். கேட்டுக்கு எதிரே மின்கம்பம் இருந்தால் காரைத் திருப்ப முடியாது. சாய்தளம் சாக்கடையை மூடித் தெருவுக்குள் நீண்டிருந்தால், அதைக் கட்டியவர் விற்பவராக இருந்தாலும் இனி அந்த இடையூறுக்குப் பொறுப்பாளர் நீங்கள்தான். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் வாகன நிறுத்தமாகக் காட்டிய இடம் இப்போது வாடகைக் கடையாக மாறியிருக்கிறதா என்றும் ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவும் முடிந்தபின், உங்கள் காரையே கொண்டு போய், வீட்டாரை உட்காரவைத்து உள்ளே விட்டு, கேட்டை மூடிப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த வேலையை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். காணொளியை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம்.

விற்பவருக்கும் கடமை உண்டு. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நாம் அறிந்த ஹதீஸின் கருத்து. சிறிய கார் மட்டுமே நிற்கும் இடத்தை ‘கார் பார்க்கிங்’ என்று பொதுவாகச் சொல்லி விற்பது அந்தப் பரக்கத்தை நாமே விலக்குவதாகும்.

‘எல்லாரும் தெருவில்தானே நிறுத்துகிறார்கள், நான் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?’ என்று கேட்பவர் உண்டு. எல்லாரும் நிறுத்துவதால்தான் தெரு அடைபட்டிருக்கிறது. ஜப்பானில் 1962ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்தது. கார் வைத்திருப்பவர் அதற்கான நிறுத்துமிடத்தைத் தெருவுக்கு வெளியே தாமே தேடிக்கொள்ள வேண்டும், இடம் உண்டு என்று காவல்துறையிடம் சான்றும் பெற வேண்டும். நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுமாறு நமக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கிறது.

‘பெரிய வீடு வாங்க என்னிடம் வசதியில்லை’ என்பவரின் கவலை நியாயமானது. அவருக்கு என் யோசனை எளியது: வீட்டுக்கு ஏற்ற காரை வாங்குங்கள். எட்டடி வாசலுக்குச் சிறிய கார் போதும். அதுவும் முடியாதென்றால் அருகிலுள்ள காலிமனையை மாத வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம். ஊரார் பார்க்கட்டும் என்று பெரிய காரை வாங்கித் தெருவில் நிறுத்துவதைவிட, சிறிய காரைக் கேட்டுக்குள் வைத்துப் பூட்டுவது கண்ணியமானது. இன்று கார் இல்லாதவர்களும் அளந்து பார்ப்பது நல்லது. பிள்ளைகள் தலையெடுத்து வரும்போது வாசல் வளர்ந்து கொடுக்காது.

என் உறவினர் பின்னர் வாசற்படியை இடித்துப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டினார். நகரும் கேட்டும் போட்டார். கார் இப்போது உள்ளே நிற்கிறது. அந்தச் செலவைவிட அவருக்குக் கடினமாயிருந்தது, எதிர்வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டதுதான். பெரியவர் சிரித்துக்கொண்டே தேநீர் கொடுத்தார் என்று சொன்னார்.

நம் வீடுகளை விசாலமாகவும், நம் தெருக்களை எவருக்கும் இடையூறின்றியும், நம் அண்டை வீட்டாரை நம்மைக் கொண்டு நிம்மதியுடையவர்களாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.