முத்துலட்சுமிக்கு எத்தனை எழுத்து?



போன மாதம் என் பேத்திக்கு ஒரு சான்றிதழ் வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். கணினித் துறையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் காட்டினேன். இப்படி வருவதற்கு வழக்கமான காரணம் ஒன்றைச் சொன்னார்.

பெயரைத் தட்டச்சு செய்யும் பகுதியை சி ஷார்ப்பிலும், அச்சிடும் பகுதியைப் பழைய சி மொழியிலும் எழுதியிருப்பார்களாம். முன்னதை மேனேஜ்டு என்றும் பின்னதை நேட்டிவ் என்றும் சொல்கிறார்கள். சி ஷார்ப், எழுத்துகளை யூனிகோடில் வைத்திருக்கிறது. அங்கிருந்து சி பக்கம் அனுப்பும்போது எந்த முறையில் என்று குறிப்பிடாவிட்டால், விண்டோஸில் அது பழைய ஆன்சி முறைக்கு மாறிவிடும். அந்த முறையில் தமிழுக்கென்று பட்டியலே கிடையாது. அதனால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறி ஆகிறது. ஆனபின் திரும்ப மீட்கவும் முடியாது.

இடத்தின் அளவும் சிக்கல்தான். முத்துலட்சுமி என்ற பெயரில் நாம் எண்ணுவது 7 எழுத்து. யூனிகோடில் அது 13 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் அனுப்பினால் 39 பைட்டுகள். சி மொழிக்கு முடிவைக் காட்ட இன்னும் ஒன்று வேண்டும். 32 பைட்டு ஒதுக்கியவர் பெயரைப் பாதியில் வெட்டிவிடுவார். கவனமில்லாமல் எழுதியிருந்தால் பக்கத்து நினைவகத்தையும் கெடுத்துவிடுவார்.

"பெயரை ஆங்கிலத்திலேயே போட்டுவிட்டால் தொல்லை இல்லையே" என்றார் என் மைத்துனர். எனக்கு உடன்பாடில்லை. வருகைப் பதிவேட்டில் நாம் பெயரைத் தப்பாக எழுதிவிட்டு, பிள்ளையிடம் பெயரை மாற்றிக்கொள் என்று சொல்வோமா?

ரவி என்று ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்துவிட்டு "சரியாக வருகிறது" என்று முடிப்பதுதான் தவறு. ஆங்கில எழுத்து இரண்டு முறையிலும் ஒன்றுபோலவே கடந்துவிடும். பிழை வெளியே தெரியாது. 2022இல் வந்த டாட் நெட் 7இன் புதிய லைப்ரரி இம்போர்ட் முறையில், சரத்தை எப்படி அனுப்புவது என்று சொல்லாவிட்டால் நிரல் தொகுக்கவே மறுக்கிறது. நல்ல கண்டிப்பு. ஆனால் பழைய முறையில் எழுதிய நிரல்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

நிரல் எழுதும் என் மாணவர்களே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். எழுத்து முறையை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். பைட்டுகளை எண்ணி இடம் ஒதுக்குங்கள். ஒதுக்கிய நினைவகத்தை எந்தப் பக்கம் விடுவிக்கும் என்று எழுதி வையுங்கள். கடைசியாக, முத்துலட்சுமி என்று தமிழில் தட்டிப் பாருங்கள். அவள் பெயர் முழுதாக வந்தால்தான் பாஸ்.